கண்டாக்கையாவின் ஹேண்டில் உயரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு ஆளுக்கு என்ன பதவி என்று தெரிய வேண்டுமானால் அவருடைய முதுகைப் பார்த்தால் போதும். கொழுந்து எடுக்கிற பெண்கள் காலையிலிருந்து மாலை வரைக்கும் செடியின்மேல் குனிந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கிற கங்காணி பாதி நிமிர்ந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருப்பார். கங்காணிக்கும் மேலே இருக்கிற கண்டாக்கு முழுதாக நிமிர்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். தோட்டத்து மேலாளரான துரை ஜீப்பில் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். துரைக்கு மேலும் ஒருவர் இருந்தால் அவர் படுத்துக்கொண்டுதான் வருவார் என்று சின்ன வயதில் நான் நம்பியிருந்தேன்.

அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் அறைகளில் ஒன்றில், பிறந்த நான், பத்து வருடம் ஃபெக்டரியில் கொழுந்து எடை போட்டுவிட்டு, முப்பத்துநாலாவது வயதில் கண்டாக்கு ஆனேன். கடிதத்தில் அந்த வேலைக்கு நீளமாக வேறு பெயர் போட்டிருந்தது. தோட்டத்தில் யாருக்கும் அது நாக்கில் ஏறவில்லை, எல்லோருக்கும் நான் கண்டாக்கையாதான். லயத்திலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள் என்பதால் கோயிலில் மாலை போட்டார்கள். மாலையோடு எடுத்த படத்தில் நான் எப்படி நிமிர்ந்து நிற்கிறேன் என்று இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வரும்.

ஆனால் வேலை ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். ஒழுங்காகச் செய்தால் நிரந்தரக் கடிதமும் குவாட்டர்ஸும் கிடைக்கும். இரண்டு அறை, ஒரு விறாந்தை, நின்றுகொண்டு சமைக்கிற சமையலறை, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். செய்யாவிட்டால் பழையபடி ஃபெக்டரித் தராசுக்கும் லயத்து அறைக்கும் திரும்ப வேண்டியதுதான். எங்கள் லயத்து அறையில் மழை பெய்தால் எந்த இடத்தில் எந்தப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்பது என் மனைவிக்கு மனப்பாடம். அதனால் அந்தக் குவாட்டர்ஸை அவள் என்னைவிட அதிகமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவி கொழுந்து எடுப்பவள். அதுவும் என் கணக்கில், கீழ் டிவிசனில். காலையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவளை அரை மணி நேரம் கழித்துப் பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்திப் பதிந்து வேலைக்கு அனுப்புகிற இடத்தில், நம்பர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "வந்துருக்கேங்க ஐயா" என்பாள். அந்த 'ஐயா'வில் இருக்கிற நக்கல் எனக்கு மட்டும்தான் கேட்கும். கண்டாக்கு பொண்டாட்டி கொழுந்து எடுப்பதாவது என்று ஆட்கள் கேட்டபோது, "கடிதம் வரட்டும், அப்புறம் பாப்போம்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கீழ் டிவிசன் பெரட்டை முடித்துவிட்டு அரை மணி நேரத்துக்குள் நான் மேல் டிவிசன் பெரட்டில் நிற்க வேண்டும். நடந்தால் ஐம்பது நிமிடம். முன்பெல்லாம் கண்டாக்குக்கு மோட்டார் சைக்கிள் கொடுப்பார்கள். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு, நிரந்தரமான ஆளுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நிரந்தரமாக வேண்டுமானால் நேரத்துக்குப் போக வேண்டும், நேரத்துக்குப் போக மோட்டார் சைக்கிள் வேண்டும், மோட்டார் சைக்கிள் வேண்டுமானால் நிரந்தரமாக வேண்டும். இதைக் கண்டுபிடித்தவரை நான் பார்த்ததில்லை.

ஆகவே மவுண்டன் சைக்கிள் வாங்கினேன். நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. ஃபிரேமில் இருபத்தொன்று என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பதினாறு என்று போட்ட இன்னொரு சைக்கிளும் நின்றது. பள்ளிக்கூடச் சட்டையைக்கூட ஒரு சைஸ் பெரிதாகத்தானே எடுப்போம், நான் இருபத்தொன்றையே எடுத்தேன். முப்பத்துநாலு வயதில் ஐந்தடி மூன்று அங்குலத்தில் நிற்கிறவன் இனி வளரப்போவதில்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. முதல் தடவை இறங்கும்போது நடுக்குழாய் எந்த இடத்தில் இடித்தது என்பதை எழுத வேண்டியதில்லை.

ஃபிரேம் நீளம், ஹேண்டில் தாழ்வு. பிடிப்பதற்குக் கையை எட்டி நீட்டி, வயிறு நடுக்குழாயில் படுகிற மாதிரிக் கவிழ்ந்துதான் ஓட்ட வேண்டியிருந்தது. முதல் நாள் லயத்தைத் தாண்டிப் போனபோது குழாயடியில் நின்ற ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள்.

"அடியே, கண்டாக்கையா கொழுந்து எடுக்கப் போறாருடி!"

குழாயடி முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருடம் படித்து, தராசைப் பிடித்து, மாலை போட்டுக்கொண்டு நிமிர்ந்தது இதற்காகவா? ஹேண்டிலை உயர்த்தியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முடிவு செய்ததோடு நிற்காமல் படிக்கவும் செய்தேன். இரண்டு வாரம் ஃபோனில் சைக்கிள் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஹேண்டில் மாட்டியிருக்கிற முன்குழாய் நேராக நிற்பதில்லை, பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு கூடக்கூட முன் சில்லு தூரப் போகும், இறக்கத்தில் சைக்கிள் ஆடாமல் இறங்கும். குழாய் சாய்ந்திருப்பதால் ஹேண்டிலை மேலே ஏற்றினால் அது உயர்வதோடு நம் பக்கமாகவும் கொஞ்சம் வரும். அதாவது நீளமான ஃபிரேம் சின்னதாகத் தெரியும். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்று கைதட்டாத குறை. உயரவும் செய்யும், கிட்டவும் வரும் என்றால் வேறென்ன வேண்டும்? அதே வீடியோவில் ஏற்றத்தைப் பற்றியும் ஏதோ சொன்னார்கள். டேட்டா முடிந்துவிட்டது, நானும் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

ராகலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் திருத்துகிற பாஸ் ஒருவர் இருந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், 'ஐயா' என்பதற்கு மட்டும் 'மாத்தயா' என்பார். குழாயின் நுனியில் மாட்டி உயர்த்துகிற ஒரு துண்டு அவரிடம் இருந்தது. ஆனால் கையில் எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"மாத்தயா போறது ஏத்தமா, எறக்கமா?"

"காலையில ஏத்தம்."

அவர் என்னைச் சீட்டில் உட்காரச் சொன்னார். முன் சில்லுக்குக் கீழே ஒரு கட்டையை வைத்துச் சைக்கிளைச் சரிவாக நிறுத்தினார். என் தோளைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தார். முன் சில்லு கட்டையைவிட்டு எழும்பியது. பிறகு முதுகில் கைவைத்து முன்னால் அமுக்கினார். சில்லு இறங்கிக் கட்டையில் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா? ஒசத்தினா ஒடம்பு பின்னுக்குப் போகும். ஏத்தத்துல முன் வீல் நிக்காது."

"பரவால்ல பாஸ், ஒசத்துங்க."

"ஏன் மாத்தயா?"

குழாயடியில் ஒரு பெண் சிரித்ததற்காக என்று எப்படிச் சொல்வது? அவர் தலையை ஆட்டிவிட்டு நான்கு அங்குலம் உயர்த்தித் தந்தார்.

ஃபெக்டரிக்கு முன்னால் கொஞ்ச தூரம் சமதரை. அங்கே நான் ஓட்டிய அழகை நானே மெச்சிக்கொண்டேன். முதுகு நேர், கழுத்து நேர், ஒரு கை ஹேண்டிலில், மறு கை தொடையில். செடிகளுக்கு மேலாக நாலு மலை தெரிந்தது. ஃபெக்டரி வாட்ச்சர் சல்யூட் அடித்தார். அது கேலியா மரியாதையா என்று ஆராயாமல் நானும் ஒன்று அடித்தேன்.

அடுத்த நாள் காலையில் கோயில் முடக்கில் என் பெருமை முடிந்தது. மேல் டிவிசனுக்குப் போகிற ரோட்டில் ஏழாம் நம்பர் மலைக்குப் பக்கத்தில் இருக்கிற செங்குத்தான திருப்பம் அது. கீழ் டிவிசன் பெண்கள் குறுக்குப்பாதையால் முதலிலேயே வந்து செடியில் நின்றிருந்தார்கள். நான் நிமிர்ந்தபடி அழுத்தி மிதித்தேன். முன் சில்லு மெதுவாக, அவசரமே இல்லாமல் தரையைவிட்டு எழுந்தது. ஒரு நொடி வானத்தைப் பார்த்தேன். அப்புறம் நான் செடிக்குள்ளே, சைக்கிள் எனக்கு மேலே.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். கங்காணி ஓடிவந்து தூக்கிவிட்டார். பெண்கள் எல்லோரும் குனிந்து ரொம்பக் கவனமாகக் கொழுந்து எடுத்தார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. என் மனைவி மட்டும் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தாள். அடிபட்டதா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். நடப்பதைவிடத் தள்ளுவதற்கு நேரம் அதிகம். முதல் மாதத்தில், பத்து நிமிடம் பிந்தி வந்த இரண்டு பெண்களுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலை என்று பதிந்து அனுப்பியவன் நான். சட்டம் சட்டம்தான் என்று வேறு சொல்லியிருந்தேன். இப்போது மேல் டிவிசன் முழுக்க எனக்காக அரை மணி நேரம் குளிரில் நின்றது. அந்த இரண்டு பேரில் ஒருத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்த என்னிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

"ஐயா, இன்னைக்கு ஐயாவுக்கு முழுப்பேருங்களா, அரைப்பேருங்களா?"

நான் பதிவுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை பிந்தியபோது துரையே அங்கே ஜீப்பில் சாய்ந்திருந்தார். கோபப்படவில்லை. "கண்டாக்கு, இன்னொரு தடவ பிந்தினா கடிதம் வராது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் சைக்கிளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். முன்குழாய்ச் சாய்வு சரியில்லை, சீட்டுக் குழாய் கோணம் சரியில்லை, வெள்ளைக்காரன் ஊர் மலை வேறு, நம் மலை வேறு என்று வீடியோவில் கேட்ட எல்லாவற்றையும் கொட்டினேன். என் மனைவி வாசலில் உட்கார்ந்து கூடைக்கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கயிறு தலையில் மாட்டியிருக்கும், கூடை முதுகில் தொங்கும்.

"நாளைக்கும் ஏழாம் நம்பர்தானே? அதான் கயித்தக் கொறைக்கிறேன்" என்றாள். "கயிறு நீளமா இருந்தா கூடை பின்னால தொங்கி ஆள இழுத்துப்புடும். ஏறுறப்ப பாரம் முன்னுக்கு வரணும்ங்க. நீங்க நிமிந்துக்கிட்டு ஏறுறீங்க. நாங்க நிமிந்து ஏறுனா கூடையோட மல்லாந்துதான் விழுவோம்."

இரண்டு வாரம் நான் வீடியோவில் படித்ததை அவள் கயிற்று முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டே சொல்லி முடித்துவிட்டாள். நன்றி சொல்லியிருக்கலாம். என் புத்தி அப்படிப் போகவில்லை.

"நான் என்னா கூடை தூக்குற ஆளா?" என்றேன்.

சொன்ன உடனே அது எங்கே போய் விழுந்தது என்று தெரிந்தது. அவள் முடிச்சை இறுக்கினாள்.

"இல்லதான். தூக்குறவ நான். தெரிஞ்சதுனால சொன்னேன்."

கூடையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் ராகலைக்குப் போனேன். பாஸ் உயர்த்திய துண்டைக் கழற்றினார். ஹேண்டிலைப் பிடித்திருக்கிற கழுத்தைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார், அதில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. சீட்டை அதன் கம்பியில் ஓர் அங்குலம் முன்னால் தள்ளினார். உடம்பும் முன்னால் வந்தது, ஃபிரேம் நீளமும் கொஞ்சம் குறைந்த மாதிரி ஆயிற்று. கழற்றிய துண்டைத் துடைத்து மறுபடி கண்ணாடி அலமாரியில் வைத்தார்.

"இருக்கட்டும். வேற கண்டாக்கு மாத்தயா வருவார்" என்றார்.

அதன்பின் நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கோயில் முடக்கில் மூக்கு ஹேண்டிலில் முட்டுகிற மாதிரிக் குனிந்து, முன் சில்லைத் தரையோடு அமுக்கி ஏறினேன். செடியிலிருந்து "கண்டாக்கையா, கூடைய மறந்துட்டு வந்துட்டீங்களே!" என்று குரல் வரும். யார் என்று பார்க்க நிமிர்ந்தால் சில்லு எழும்பும், அதனால் யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு வெட்கம் விடவில்லை. மேல் டிவிசன் பெரட்டுக் களம் தெரிகிற கடைசித் திருப்பத்தில் இறங்கி, மூச்சு அடங்கும்வரை நின்று, சட்டையை இழுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து போவேன். சைக்கிளைச் செடிக்குள் மறைத்துவிடுவேன். என் பதவியை நான் அந்த ஐந்து நிமிடத்தில்தான் போட்டுக்கொண்டேன்.

ஆறாவது மாதம் ஒரு காலை. கீழ் டிவிசனில் யாரை எந்த மலைக்கு அனுப்புவது என்று தொழிற்சங்கத் தலைவரோடு தகராறு, புறப்படவே பிந்திவிட்டது. கடைசித் திருப்பத்துக்கு வந்தபோது மேலே பார்த்தேன். பெரட்டுக் களத்தில் துரையின் ஜீப் நின்றது. நேரம் முடிய இரண்டு நிமிடம். இறங்கி, மூச்சு வாங்கி, சட்டையைச் சரிசெய்து நடந்து போக ஐந்து நிமிடம் வேண்டும். மழை நாட்களில் என் மனைவி பாத்திரங்களை நகர்த்திக்கொண்டிருப்பது ஞாபகத்துக்கு வந்தது. இறங்கவில்லை. குனிந்தபடியே, மூக்கிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட, மேல் டிவிசன் முழுக்கப் பார்க்க, துரை பார்க்க, களத்துக்குள் போய் நின்றேன்.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தார். பிறகு குனிந்தார். துரை குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஃபிரேம் ஒங்களுக்குப் பெருசு. ஆனா ஹேண்டில் செட்டிங் நல்லாருக்கே. சீட்டும் முன்னால தள்ளிருக்கு. யாரு சொன்னது?"

என்னுடைய வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது.

"நானே வீடியோ பாத்துச் செஞ்சேன் சார்."

"வெரி குட்" என்று அவருடைய ஃபோனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை, நுவரெலியா ஏரிக்கரை. ஒரு ரேஸ் சைக்கிளில் இறுக்கமான கால்சட்டையோடு, மூக்கு முன்சில்லில் படுகிற அளவுக்குக் குனிந்திருந்தவர் எங்கள் துரைதான். யாருடைய முதுகைப் பார்த்து நான் நான்கு அங்குலம் உயர்த்தினேனோ அவர் வாரா வாரம் சொந்த விருப்பத்தில் குனிந்துகொண்டிருந்திருக்கிறார். "இன்னும் ஒரு இஞ்ச் எறக்கலாம்" என்று எனக்கு அறிவுரையும் சொன்னார்.

கடிதம் வந்தது. குவாட்டர்ஸ் வந்தது, மோட்டார் சைக்கிளும் வரும் என்றார்கள். கண்டாக்கு மனைவி இனி மலைக்குப் போக வேண்டாம் என்று துரையே சொல்லி அனுப்பினார். என் மனைவி கூடையைக் கழுவிக் காயவைத்து ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். குடிபோன அன்று மழை பெய்தது. பாத்திரம் எதையும் வைக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சமையலறைப் பக்கம் போனேன். வழவழப்பான சிமெந்துத் தரை, இடுப்பு உயரத்தில் அடுப்பு. அவள் நின்றுகொண்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கழுத்து முன்னால் நீண்டு, தோள் வளைந்து, தலையில் கயிறு மாட்டியிருக்கிற மாதிரியே நின்றாள். முதுகில் ஒன்றும் இல்லை. லயத்தில் கீழே உட்கார்ந்து சமைப்பவளை நான் இப்படிப் பார்த்ததே இல்லை.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "நிமிந்து நில்லு புள்ள. இங்க என்னா மலையா இருக்கு?" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். உண்மையாகவே முயன்று பார்த்தாள். ஒரு ரொட்டி திருப்புகிற நேரம்தான், கழுத்து பழையபடி முன்னால் வந்துவிட்டது.

"பதினாலு வருஷம்ங்க" என்றாள். "சைக்கிளுக்குன்னா ராகலையில பாஸ் இருக்காரு. இதுக்கு ஏதும் வீடியோ இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெரட்டுக் களத்தில் நான் துரையிடம் சொன்ன பதில் மலை இறங்கி அவள் காதுக்கு எப்போதோ வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் நிற்க வெட்கமாக இருந்தது.

"துரைகிட்ட நீதான் சொன்னேன்னு சொல்லிர்றேன்" என்றேன்.

"எதுக்குங்க, இனி ஒங்களுக்கு மோட்டார் சைக்கிள்தானே" என்றாள். ரொட்டியைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த ரொட்டிக்கு மாவை எடுத்தாள்.